ஸ்நார்க்கெலிங் போறீங்களா? கிளம்பும் முன் ஆர்தர் சி. கிளார்க்கைத் தெரிஞ்சுக்கோங்க

பெங்களூருவில் நாலு நண்பர்கள் சேர்ந்து ஸ்நார்க்கெலிங் போகலாம் என்று பேச ஆரம்பித்தால், முதலில் வரும் பெயர் நேத்ராணி. முருடேஸ்வரிலிருந்து படகில் போகும் சின்னத் தீவு. ஆங்கிலத்தில் இதற்கு 'பிஜன் ஐலேண்ட்', அதாவது புறாத் தீவு என்று இன்னொரு பெயர் உண்டு. கரையில் பெரிய சிவன் கோயில்.

ஆனால் நீங்கள் ப்ளான் போடுவது ஜூன், ஜூலை, ஆகஸ்ட் லீவுக்கு என்றால் நேத்ராணி கிடையாது. தென்மேற்குப் பருவமழையில் மேற்குக் கரை கொந்தளிக்கும், படகு ஓடாது. அதே மாதங்களில் தெளிவாகவும் அமைதியாகவும் இருக்கும் கடல் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கையின் கிழக்குக் கரை. அங்கே திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளிக்கு எதிரே ஒரு தீவு. அதன் பெயரும் 'பிஜன் ஐலேண்ட்', புறாத் தீவுதான். அங்கேயும் பக்கத்தில் கடலைப் பார்த்தபடி ஒரு சிவன் கோயில்: கோணேஸ்வரம்.

அந்தக் கோயிலுக்குக் கீழே உள்ள கடலில் 1956-ல் முகமூடி மாட்டிக்கொண்டு இறங்கியவர் ஓர் ஆங்கிலேயர். '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தின் கதையை எழுதியவராக உலகம் அவரை அறியும். நம்ம வீட்டு டிவிக்கு சிக்னல் அனுப்பும் செயற்கைக்கோள்கள் எந்த உயரத்தில் நிற்கவேண்டும் என்று 1945-லேயே எழுதியவரும் அவர்தான். ஆர்தர் சி. கிளார்க்.

உங்கள் கடல் பயணத்துக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? அவர் வாழ்க்கையைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தால் அது புரியும்.

யார் இந்த கிளார்க்?

1917 டிசம்பர் 16-ல் இங்கிலாந்தின் சோமர்செட் மாவட்டத்தில், மைன்ஹெட் என்ற கடலோர ஊரில் பிறந்தார். விவசாயக் குடும்பம். பதின்ம வயதைத் தொடும் நேரத்தில் அப்பா இறந்துவிட்டார். கல்லூரிக்கு அனுப்ப வீட்டில் வசதி இல்லை. 1936-ல் லண்டனுக்கு வந்து அரசுத் தணிக்கைத் துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். பகலில் கணக்கு வழக்கு, மாலையில் ராக்கெட் பைத்தியங்கள் கூடும் பிரிட்டிஷ் இன்டர்பிளானட்டரி சொசைட்டி. மனிதன் நிலவுக்குப் போவான் என்று சொன்னால் ஊர் சிரித்த காலம் அது.

இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் சேர்ந்தார். வேலை, ரேடார். மூடுபனியில் ஓடுபாதை தெரியாமல் தவிக்கும் விமானியை ரேடார் திரையைப் பார்த்தே தரையிறக்கும் புதிய முறை அப்போது சோதனையில் இருந்தது. கண்ணுக்குத் தெரியாததை அலைகளை வைத்து அளப்பது எப்படி என்பதை அங்கே கற்றார். போர் முடிந்தபின் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் படித்து, 1948-ல் கணிதத்திலும் இயற்பியலிலும் முதல் வகுப்பில் தேறினார்.

36,000 கிலோமீட்டர் கணக்கு என்பது என்ன?

போர் முடிந்த சூட்டோடு, 1945 அக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்ற பத்திரிகையில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். கணக்கு எளிமையானது. பூமிக்கு அருகில் சுற்றும் பொருள் வேகமாகச் சுற்றும், தொலைவில் சுற்றுவது மெதுவாகச் சுற்றும். நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரமும் பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் நேரமும் ஒன்றாகிவிடும். அப்போது கீழே நின்று பார்க்கும் நமக்கு அந்தச் செயற்கைக்கோள் வானத்தில் ஒரே இடத்தில் ஆணி அடித்ததுபோல் நிற்கும். அப்படி மூன்றை நிறுத்தினால் கிட்டத்தட்ட உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம்.

இந்தச் சுற்றுப்பாதையைப் பற்றி முதலில் யோசித்தவர் அவர் இல்லை. அதை உலகத் தகவல்தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று கணக்கோடு விளக்கியதுதான் அவர் பங்கு. காப்புரிமை எதுவும் வாங்கவில்லை. வெறும் 19 ஆண்டுகளில், 1964-ல், சின்காம்-3 செயற்கைக்கோள் அந்த இடத்தில் போய் நின்றது. இன்றும் அந்தப் பாதையைக் கிளார்க் சுற்றுப்பாதை என்று அழைப்பவர்கள் உண்டு.

விண்வெளிக்காரர் ஏன் கடலுக்குப் போனார்?

1950-களின் தொடக்கத்தில் கிளார்க்குக்கு ஒரு ஆசை. எடையில்லாத நிலை எப்படி இருக்கும் என்று உடம்பால் உணரவேண்டும். ராக்கெட் இன்னும் வரவில்லை. பூமியிலேயே அதற்குக் கிட்டத்தட்ட ஒப்பான ஒரே இடம் தண்ணீர். நீருக்குள் உடம்பின் எடையை நீர் தாங்கிக்கொள்ளும், மேலும் கீழும் சமமாகிவிடும். இன்றைக்கும் நாசா தன் வீரர்களை ஹூஸ்டனில் ஒரு பிரம்மாண்டமான நீச்சல் குளத்தில் இறக்கித்தான் விண்வெளி நடைக்குப் பழக்குகிறது.

அந்தப் பருவத்தில்தான் மைக் வில்சன் என்ற இளம் நீர்மூழ்கி அவருக்கு நண்பரானார். இருவரும் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் மூழ்கிப் புத்தகம் எழுதலாம் என்று கிளம்பினார்கள். 1954 டிசம்பரில் ஆஸ்திரேலியா போகும் கப்பல் கொழும்பில் சில மணி நேரம் நின்றது. கிளார்க் இறங்கிச் சுற்றிப் பார்த்தார். ராட்னி ஜோங்க்லாஸ் என்ற இலங்கை நீர்மூழ்கியைச் சந்தித்தார். நம்மூர்க் கடலையும் வந்து பாருங்கள் என்பதுபோல் அமைந்த அந்தச் சந்திப்பு, அவர் வாழ்க்கையின் அடுத்த 50 ஆண்டுகளை மாற்றிவிட்டது.

ஆஸ்திரேலியப் பயணத்திலிருந்து 'தி கோஸ்ட் ஆஃப் கோரல்' புத்தகம் வந்தது. 1956-ல் வில்சனோடு இலங்கைக்கு வந்தார். கடைசி வரை இலங்கைதான் அவர் வீடு. ஒரு பயணத்துக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட சுற்றுலாப் பயணி என்றுகூடச் சொல்லலாம்.

கோணேஸ்வரம் கடலடியில் என்ன இருக்கிறது?

திருஞானசம்பந்தர் தேவாரத்தில் பாடிய தலம் கோணேஸ்வரம். கடலிலிருந்து செங்குத்தாக எழும் பாறையின் மேல் இருந்த பழைய கோயிலை 1620-களில் போர்ச்சுக்கீசியர் இடித்தார்கள். கற்களில் பலவற்றைக் கோட்டை கட்ட எடுத்துக்கொண்டார்கள், மற்றவை கடலில் விழுந்தன. இப்போது நீங்கள் பார்க்கும் கோயில், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மீண்டும் எழுந்தது.

கிளார்க்கும் வில்சனும் 1956-ல் அந்தப் பாறையின் அடிவாரத்தில் மூழ்கியபோது செதுக்கிய தூண்களையும் கட்டடக் கற்களையும் கண்டார்கள். இயற்கையாக விழுந்த பாறைகளுக்கு நடுவே, மனிதக் கை பட்ட நேர்கோடுகள். வில்சன் படம் எடுத்தார், கிளார்க் எழுதினார். 1957-ல் வெளியான 'தி ரீஃப்ஸ் ஆஃப் டாப்ரோபேன்' புத்தகத்தில் இது விரிவாக வருகிறது. உள்ளூர்ச் சைவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த ஒரு இழப்புக்கு, கடலடியிலிருந்து சாட்சி வந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கற்கள் 300 ஆண்டுகளுக்கும் மேலாக அங்கேயே கிடந்தன.  கடற்பரப்புக்கு மேலே முகம் இருக்கும்வரை எதுவும் தெரியாது, ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு முகத்தைக் கவிழ்த்தால் வேறு உலகம். ஸ்நார்க்கெலிங்கின் மொத்த ரகசியமும் இதுதான். நம் கண் காற்றில் பார்க்கப் பழகியது. நீர் நேரடியாகக் கண்ணில் பட்டால் எல்லாம் மங்கும். முகமூடிக்குள் இருக்கும் அந்தக் கைப்பிடிக் காற்றுதான் பார்வையைத் திருப்பித் தருகிறது.

ராவணன் கோட்டையும் ஔரங்கசீப் வெள்ளியும்

இலங்கையின் தென்கிழக்கு மூலையில் கரையிலிருந்து தள்ளி ஒரு பாறைத் திட்டு இருக்கிறது. ஆங்கிலத்தில் 'கிரேட் பாஸஸ்'. சிங்களத்தில் 'மகா ராவண கோட்டுவ', பெரிய ராவணன் கோட்டை. 1873 முதல் அங்கே ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அங்கே இறங்கவே முடியாது. இரண்டு பருவமழைகளுக்கு இடையே, மார்ச்–ஏப்ரலில் சில வாரங்கள் மட்டும் கடல் அடங்கும்.

1961-ல் அப்படி ஒரு இடைவெளியில், இரண்டு அமெரிக்கச் சிறுவர்களோடு படம் எடுக்கப் போன மைக் வில்சன் ஒரு கப்பல் சிதைவைக் கண்டார். பீரங்கி, கூடவே வெள்ளி நாணயங்கள். ஔரங்கசீப் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில், 1702 வாக்கில் அச்சான முகலாய ரூபாய்கள். துணிப்பை மக்கிப்போனாலும், உள்ளே இருந்த சுமார் ஆயிரம் நாணயங்கள் பை வடிவத்திலேயே கட்டியாக இறுகிக் கிடந்தன. இந்தக் கதையைக் கிளார்க் 1964-ல் 'தி ட்ரெஷர் ஆஃப் தி கிரேட் ரீஃப்' என்று எழுதினார்.

புதையலைவிட இதில் நமக்குப் பயன்படும் செய்தி வேறு. தங்கள் நாட்காட்டியை அவர்கள் கடலுக்கு ஏற்ப மாற்றினார்கள். லீவு எப்போது என்று பார்த்துக் கடலுக்குப் போகவில்லை, கடல் எப்போது விடும் என்று பார்த்துப் போனார்கள்.

1962: உடம்பு கைவிட்டபோது

அடுத்த ஆண்டே அடி விழுந்தது. 1962-ல் கிளார்க்கின் உடம்பு செயலிழந்தது. கை கால் அசைக்க முடியாமல் மாதக்கணக்கில் படுத்திருந்தார். போலியோ என்று சொல்லப்பட்டது. மெல்ல எழுந்து நடந்தார், ஆனால் பழைய பலம் திரும்பவில்லை.

நிலத்தில் தடுமாறிய அந்த உடம்பு நீரில் தடுமாறவில்லை. 1963-ல் கிரேட் பாஸஸுக்கு அடுத்த குழு கிளம்பியபோது, பீட்டர் த்ராக்மார்ட்டன் என்ற கடலடித் தொல்லியலாளரோடு கிளார்க்கும் போனார். எடையில்லாமல் இருப்பது எப்படி என்று விண்வெளிக்காக ஆர்வத்தோடு தேடியவருக்கு, இப்போது அது தேவையாகவே ஆகிவிட்டது. 1980-களில் போலியோவின் பின்விளைவுகள் தீவிரமாகத் தாக்கி, பின்னர் சக்கர நாற்காலியில் இருந்த காலத்திலும் அவர் கடல் ஆசையை விடவில்லை.

உங்கள் குழுவில் முட்டி வலிக்கும் அம்மாவோ, நடக்கச் சிரமப்படும் நண்பரோ இருந்தால் அவர்களைக் கரையில் பையைப் பார்த்துக்கொள்ள விட்டுவிடாதீர்கள். மருத்துவர் சரி என்றால், லைஃப் ஜாக்கெட்டோடும் பழகிய வழிகாட்டியோடும் ஆழமில்லாத இடத்தில் மிதந்தபடி பார்க்க அவர்களாலும் முடியும்.

பெங்களூருவுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

1961-ம் ஆண்டுக்கான யுனெஸ்கோவின் கலிங்கா பரிசு கிளார்க்குக்குக் கிடைத்தது. அறிவியலை மக்களிடம் கொண்டுபோகிறவர்களுக்கு, ஒடிசாவின் பிஜு பட்நாயக் தந்த நிதியில் தொடங்கிய பரிசு அது. ஆனால் பெங்களூருவோடு நேரடித் தொடர்பு 1975-ல் வந்தது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 1-ல் இந்தியா 'சைட்' என்ற சோதனையைத் தொடங்கியது. நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாகக் கர்நாடகா உட்பட ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி. விவசாயம், சுகாதாரம், பள்ளிப் பாடம் என்று ஓராண்டு நிகழ்ச்சிகள் ஓடின. கிளார்க் 1945-ல் எழுதிய அதே உயரத்திலிருந்து, மின்சாரமே ஒழுங்காக வராத ஊர்களுக்குப் படம் வந்தது. நம்ம ஊரைத் தலைமையகமாகக் கொண்ட இஸ்ரோ, அந்தச் சிக்னலைப் பிடிக்கும் பெரிய டிஷ் ஆன்டெனா ஒன்றைக் கொழும்பில் கிளார்க் வீட்டுக்கே கொண்டுபோய் அமைத்துக் கொடுத்தது. இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியதே 1979-ல்தான். அதற்கு நாலு ஆண்டு முன்பே அவர் வீட்டில் இந்தியக் கிராமங்களுக்கான நிகழ்ச்சி தெரிந்தது.

இஸ்ரோவின் 'ஆப்பிள்' 1981-ல் அதே சுற்றுப்பாதைக்குப் போனது. பிறகு இன்சாட் வரிசை. இன்றும் அவற்றைக் கட்டுப்படுத்தும் முதன்மை நிலையம் பெங்களூருவிலிருந்து சில மணி நேரத் தொலைவில், ஹாசனில் இருக்கிறது.

ஹிக்கடுவ: 1998, 2004 – இரண்டு அடிகள்

கொழும்பிலிருந்து தெற்கே சுமார் 100 கி.மீ. தொலைவில் ஹிக்கடுவ. இலங்கையில் பலர் முதன்முதலில் பவளம் பார்க்கும் இடம். கிளார்க்கின் நீர்மூழ்கு நிறுவனமான 'அண்டர்வாட்டர் சஃபாரிஸ்' அங்கேதான் இயங்கியது.

1998-ல் இந்தியப் பெருங்கடல் அளவுக்கு மீறிச் சூடானது. ஹிக்கடுவ பவளத்தில் பெரும்பகுதி அந்த ஆண்டு வெளுத்து இறந்தது. பவளத்தின் நிறம் அதன் சொந்த நிறம் இல்லை. அதன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள்தான் நிறத்தையும், உணவின் பெரும்பங்கையும் தருகின்றன. சூடு கூடினால் பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிடும். வெள்ளை எலும்புக்கூடு தெரியும். அந்த நிலையில் அது இன்னும் சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், தொடர்ந்தால் இறக்கும். அந்த ஆண்டு திருகோணமலைப் பக்கத்துப் பவளப்பாறைகள் பெரும்பாலும் தப்பித்தன.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி. கரையோரத்திலேயே இருந்த கிளார்க்கின் நீர்மூழ்கு மையம் அழிந்தது. ஆனால் அன்றைய எண்களை ஆய்வாளர்கள் ஊர் வாரியாக ஒப்பிட்டபோது வேறொன்று தெரிந்தது. பவளப்பாறை காக்கும் ஹிக்கடுவவில் நீர் 2–3 மீட்டர் உயரத்தில் வந்து, சுமார் 50 மீட்டர் உள்ளே போனது. அங்கிருந்து 3 கி.மீ. வடக்கே உள்ள பெரேலியவில் அலை சுமார் 10 மீட்டர் உயரம், ஒன்றரை கி.மீ. உள்ளே. ஆயிரத்துக்கும் அதிகமானவர்களைப் பலிகொண்ட ரயில் விபத்து நடந்தது அங்கேதான். இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணமாக அவர்கள் சுட்டியது, பெரேலிய பக்கம் சட்டவிரோதமாகப் பவளம் வெட்டி எடுக்கப்பட்டதை. சுண்ணாம்பு சுடுவதற்காகத் தென்மேற்குக் கரையில் நெடுங்காலம் பவளம் வெட்டப்பட்டு வந்தது.

நீங்கள் முகமூடி மாட்டிப் பார்க்கப்போகும் அந்த வண்ணத் தோட்டம், கரையில் வாழ்பவர்களுக்கு ஒரு மதில்சுவர். போட்டோவில் அது தெரியாது.

சரி, உங்கள் பயணத்தை எப்படித் திட்டமிடுவது?

*முதலில் மாதம், பிறகு இடம்.* நேத்ராணியும் ஹிக்கடுவயும் மேற்கைப் பார்த்தவை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே போகலாம். திருகோணமலைப் புறாத் தீவு கிழக்கைப் பார்த்தது. மே முதல் செப்டம்பர் வரை அங்கே நல்லது. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கிழக்குக் கரை கலங்கிவிடும். ஆஃபர் டிக்கெட் கிடைத்ததே என்று டிசம்பரில் நிலாவெளிக்கு புக் பண்ணாதீர்கள்.

*போகும் வழி.* பெங்களூருவிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் உண்டு, பறக்கும் நேரம் ஒன்றரை மணியை ஒட்டித்தான். ஹிக்கடுவ போக தென்கரை ரயிலே போதும். திருகோணமலை கொழும்பிலிருந்து சுமார் 260 கி.மீ., பஸ்ஸும் ரயிலும் இருக்கின்றன. இரண்டு நாள் லீவில் ஹிக்கடுவ முடியும். திருகோணமலைக்குக் குறைந்தது நாலு நாள் வைத்துக்கொள்ளுங்கள். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் போடும் நாளில் அரசுத் தளத்தில் பாருங்கள்.

*பிறகு வெப்பம்.* இதுதான் பலர் பார்க்காத விஷயம், இங்கேதான் கிளார்க் திரும்ப வருகிறார். அமெரிக்காவின் நோவா அமைப்பு நடத்தும் 'கோரல் ரீஃப் வாட்ச்' என்ற இலவச வரைபடம் இணையத்தில் இருக்கிறது. தினமும் மாறும். அதில் 'டிகிரி ஹீட்டிங் வீக்ஸ்' என்று ஒரு அளவு வரும், தமிழில் வெப்ப வாரம் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு இதுதான்: ஓர் இடத்தில் வழக்கமாக மிகச் சூடான மாதத்தின் சராசரி வெப்பநிலையைவிட 1 டிகிரி செல்சியஸ் அதிகமாக ஒரு வாரம் இருந்தால் 1 புள்ளி. 2 டிகிரி அதிகமாக ஒரு வாரம் இருந்தால் 2 புள்ளி. கடந்த 12 வாரப் புள்ளிகளைக் கூட்டுவார்கள். 4-ஐத் தொட்டால் வெளுப்பு எதிர்பார்க்கலாம். 8-ஐத் தாண்டினால் பரவலாகச் சாவு தொடங்கலாம்.

இந்த வெப்பநிலையை அளப்பது செயற்கைக்கோள்கள். துருவங்களுக்கு மேலாகச் சுற்றுபவை சில. மற்றவை 36,000 கி.மீ. உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பவை, அதாவது கிளார்க் 1945-ல் எழுதிய அந்தப் பாதையில். பகல் வெயில் கடல் மேற்பரப்பை மட்டும் சூடாக்கிக் கணக்கைக் குழப்பும் என்பதால் இரவு அளவுகளை மட்டும் எடுக்கிறார்கள். ஒரு பிக்சல் சுமார் 5 கி.மீ. அதனால் ஒரு குறிப்பிட்ட பாறை எப்படி இருக்கிறது என்று இது சொல்லாது, அந்த வட்டாரக் கடல் எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறது என்றுதான் சொல்லும். மன்னார் வளைகுடா, லட்சத்தீவு, அந்தமான் பக்கம் போகிறீர்கள் என்றால் ஹைதராபாத்தில் உள்ள இன்காயிஸ் நிறுவனமும் பவள வெளுப்பு எச்சரிக்கை வெளியிடுகிறது.

2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளுப்பு அறிவிக்கப்பட்டது. முதலாவது 1998, அடுத்தது 2010, மூன்றாவது 2014–17. இடைவெளிகளைப் பாருங்கள். கிளைப் பவளம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வளரும், உருண்டைப் பவளம் ஒரு சென்டிமீட்டரை ஒட்டித்தான் வளரும். விழுந்த பாறை எழுந்து நிற்கக் கிடைக்கும் காலம் போதவில்லை.

நீங்கள் போகும் இடம் 4-ஐத் தாண்டியிருந்தால்? முடிந்தால் தள்ளிப்போடுங்கள். நோயாளியைப் பார்க்கக் கூட்டமாகப் போவதில்லை அல்லவா? தாய்லாந்து அரசு, வெளுப்பு கடுமையாக இருந்த ஆண்டுகளில் சில தலங்களைத் தற்காலிகமாக மூடியே வைத்தது.

*தண்ணீரில் இறங்கியபின்.* பவளத்தின் மேல் நிற்காதீர்கள். களைப்பாக இருந்தால் மல்லாந்து மிதங்கள், அல்லது மணல் தெரியும் இடத்துக்குப் போங்கள். துடுப்புக் காலணியின் நுனி உங்களுக்குப் பின்னால் எதைத் தட்டுகிறது என்று உங்களுக்குத் தெரியாது, அதனால் ஆழமில்லாத இடத்தில் மெதுவாக உதையுங்கள். சன்ஸ்கிரீனைப் பூசிக் குளிப்பதைவிட முழுக்கைச் சட்டை நல்லது, முதுகும் கருகாது. தனியாகப் போகவே போகாதீர்கள். நீரோட்டம் எந்தப் பக்கம் என்று படகுக்காரரிடம் கேளுங்கள். திருகோணமலையில் அவர் உங்களுக்குத் தமிழிலேயே சொல்வார். பவளத் துண்டை நினைவுப்பொருளாக எடுத்துவர நினைக்காதீர்கள். இலங்கையிலும் குற்றம், இந்தியாவிலும் பவளம் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

கடைசி ஆசை

1979-ல் வந்த 'தி ஃபவுன்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' நாவலில் கிளார்க் இலங்கையை ஒத்த ஒரு தீவிலிருந்து விண்வெளிக்கு லிஃப்ட் கட்டினார். அந்த ஆண்டு முதல் 2002 வரை மொரட்டுவ பல்கலைக்கழக வேந்தராக இருந்தார். அந்தப் பதவிக் காலத்தின் பெரும்பகுதியில் நாட்டில் போர். அவர் தூண்களைக் கண்ட திருகோணமலைக் கடல் போர்க்களமானது. படகுகளைக் கடற்படை கண்காணித்தது, மீனவர்களுக்கே கடல் கட்டுப்பாட்டுக்குள் போனது, சுற்றுலாப் பயணிகள் அந்தப் பக்கம் வருவதும் நின்றுபோனது.

2007 டிசம்பரில் 90 வயது நிறைந்தபோது அவர் மூன்று ஆசைகளைச் சொன்னார். வேற்றுலக உயிர் இருப்பதற்குச் சான்று கிடைக்கவேண்டும். எண்ணெயை நம்பியிருப்பதை விட்டு மனிதர்கள் தூய ஆற்றலுக்கு மாறவேண்டும். இலங்கையில் நிலைத்த அமைதி வரவேண்டும். 2008 மார்ச் 19-ல் கொழும்பில் இறந்தார். போர் முடிந்தது 2009 மே மாதத்தில், ஏராளமான தமிழ்ப் பொதுமக்களின் உயிரிழப்போடு. அவர் கேட்ட அமைதி அந்த வழியில் வருவதைப் பார்க்க அவர் இல்லை.

முதல் ஆசைக்கு இன்னும் விடை இல்லை. இரண்டாவது ஆசைதான் உங்கள் பயணத்தோடு நேராகத் தொடர்புள்ளது. கடல் சூடாவதற்குப் பெருங்காரணம் நாம் எரிக்கும் எரிபொருள். பெங்களூருவிலிருந்து பறந்துபோய்ப் பவளம் பார்க்கும் நம் விமானப் புகையும் அந்தக் கணக்கில் சேரும். இதைச் சொல்வது உங்களைப் போகவிடாமல் தடுக்க இல்லை. போனால் சரியான மாதத்தில் போங்கள், ஒரே பயணமாக நிதானமாகப் போங்கள், உள்ளூர்ப் படகுக்காரர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் பணம் போய்ச்சேருகிற மாதிரி போங்கள்.

திருகோணமலை போனால் கோணேஸ்வரத்துக்கும் ஏறிவாருங்கள். பாறையின் விளிம்பில் நின்று கீழே பாருங்கள். நீலத் தண்ணீர்தான் தெரியும். அதற்குக் கீழே என்ன கிடக்கிறது என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். இறங்கும்போது செல்போனை எடுத்து அந்த வெப்ப வாரக் கணக்கை ஒருமுறை பாருங்கள். அடுத்த நாள் காலை புறாத் தீவுக்குப் படகு ஏறலாமா என்பதற்கான பதில், வானத்தில் 36,000 கி.மீ. மேலிருந்து ஏற்கெனவே வந்திருக்கும்.